சிட்டையில் எழுதிவிட்டுச் சொல்லுங்கள்: எல்லாத் திரையிலும் ஒரே கணக்கு

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கும் நண்பருக்கு இருப்புக் கணக்குச் செயலி ஒன்று எழுதிக் கொடுத்தேன். முதல் நாளே மானம் போனது. முள்ளுக் கத்தரிக்காய் 12 மூட்டை இருந்தது. ஒரு கல்லாவில் 3 மூட்டை விற்றது. அதே நேரத்தில் அடுத்த கல்லாவில் 5. முதல் செல்போன் “இருப்பு 9” என்று சர்வருக்கு அனுப்ப, மற்றது “இருப்பு 7” என்று அனுப்பியது. பிந்தி வந்த 7 நிலைத்தது. மண்டியில் கிடந்ததோ 4. நண்பரின் அப்பா பேசாமல் தன் அன்றாடக் கணக்குச் சிட்டையைத் திறந்து காட்டினார். அதில் இருப்பே இல்லை. விற்ற வரிகள்தான் இருந்தன.

முதல் படி: செல்போன் மொத்தத்தை அனுப்பக் கூடாது. “3 கழி” என்று மட்டும் சொல்லட்டும். கணக்கைச் சர்வர் போடட்டும்.

இரண்டாம் படி: தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணைகள் போடுங்கள். சிட்டையில் வரிசை எண், கோரிக்கை எண் (ஒவ்வொரு விற்பனைக்கும் செல்போன் தரும் தனி எண்), சரக்கு, மாற்றம். பேரேட்டில் சரக்கும் இருப்பும். தொடங்குவோருக்கு எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தள மென்பொருள் போதும். ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் எழுத விடும், அதுவே நமக்கு வசதி.

மூன்றாம் படிதான் உயிர்நாடி. இருப்பு போதுமா என்று பார்ப்பது, சிட்டையில் வரி சேர்ப்பது, பேரேட்டில் கழிப்பது மூன்றும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் நடக்க வேண்டும்; அதாவது, நடந்தால் மூன்றும் நடக்கும், இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. அது உறுதியான பிறகே வெப்சாக்கெட் (சர்வருக்கும் செல்போனுக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பு) வழியே எல்லாத் திரைகளுக்கும் அறிவியுங்கள். நான் அவசரப்பட்டு முதலில் அறிவித்துவிட்டு அப்புறம் எழுதினேன். இடையில் மின்சாரம் போனால், எழுதாத விற்பனையைத் திரைகள் காட்டிக்கொண்டிருக்கும்.

நான்காம் படி: ஒவ்வொரு அறிவிப்பிலும் சிட்டையின் வரிசை எண் இருக்கட்டும். 41க்குப் பிறகு 43 வந்தால் நடுவில் ஒன்று தவறிவிட்டது என்று செல்போனுக்கே தெரியும். இணைப்பு அறுந்து திரும்பும்போதும் இதே வழிதான்: “கடைசியாக 41 பார்த்தேன்” என்று கேட்டால் சர்வர் 42இலிருந்து அனுப்பும். நெடுநேரம் காணாமல் போனவருக்கு முழுப் பேரேட்டையும், அது எந்த எண் வரைக்குமானது என்பதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

பதில் வராத பதற்றத்தில் கல்லாக்காரர் பொத்தானை மறுபடி அழுத்துவார். திரும்ப அனுப்பும்போது செல்போன் பழைய கோரிக்கை எண்ணையே அனுப்ப வேண்டும். அந்த எண் சிட்டையில் ஏற்கெனவே இருந்தால் பழைய பதிலையே கொடுங்கள், மறுபடி கழிக்காதீர்கள்.

பல சர்வர்கள் வந்தால் அவற்றுக்கிடையே செய்தி பரப்ப ரெடிஸ் என்ற மென்பொருள் பயன்படும். ஆனால் அதன் பப்-சப் (அப்போது கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கெல்லாம் செய்தியைப் பரப்பும் வசதி) எதையும் சேமித்து வைக்காது. கேட்காதவருக்குச் செய்தி போனது போனதுதான். அப்போதும் சிட்டை எண்ணே கைகொடுக்கும்.

சோதனை செய்ய, 12 மூட்டை இருப்பில் தொடங்கி, இரு செல்போன்களிலும் ஒரே நேரத்தில் 3, 5 என்று கழித்துவிட்டு, இரண்டுக்கும் பதில் வந்ததும் சர்வர் கணினியின் மின்செருகியைப் பிடுங்குங்கள். மீண்டும் இயக்கினால் இரு திரைகளிலும் 4 வர வேண்டும்.