நல்ல டிரம்ஸைக் கச்சேரிக்குக் கொண்டு போகலாமா? புதிதாக வாசிக்க வருபவர்களுக்கு ஒரு செய்முறை

மதுரைப் பக்கம் மெல்லிசைக் குழுக்களிலும் சர்ச் பாடகர் குழுக்களிலும் இப்போதுதான் டிரம்ஸ் வாசிக்கத் தொடங்கியிருக்கும் தம்பி, தங்கைகள் அடிக்கடி கேட்பது இது: காசு சேர்த்து அருமையான செட் ஒன்று வாங்கிவிட்டேன், அதைக் கச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்நேர் (அடியில் கம்பி கட்டிய டிரம்), சிம்பல் (உலோகத் தட்டு), கிக் பெடல் (காலால் மிதித்து அடிக்கும் கருவி) இந்த மூன்றும் எப்போதும் உங்களுடையதாக இருக்கட்டும். கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) டாம்களும் (குச்சியால் அடிக்கும் மற்ற டிரம்கள்) வருமா வராதா என்பதை மேடையைப் பற்றி விசாரித்த பிறகு முடிவு செய்யுங்கள். எப்படி விசாரிப்பது, என்னென்ன செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: ஷெல் எதனால் ஆனது என்று பாருங்கள்

ஷெல் என்பது டிரம்மின் வட்டமான உடல். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான செட்கள் பிளை ஷெல். மெல்லிய மரத் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்வது. ஒரு அடுக்கு விரிய முயன்றால் அடுத்த அடுக்கு பிடித்துக்கொள்ளும். கைவேலையாகக் குறைந்த எண்ணிக்கையில் செய்யும் உயர்ரகக் கம்பெனிகள் சிலவற்றின் வழி வேறு. கலிஃபோர்னியாவில் தொடங்கிய கிராவியோட்டோ, 1854இல் பொம்மை டிரம் செய்வதில் தொடங்கிய மாசசூசெட்ஸின் நோபிள் அண்ட் கூலி போன்றவை ஒரே பலகையை ஆவியில் வேகவைத்து வளைத்து ஷெல் செய்வதற்குப் பேர்போனவை. நாதம் பிரமாதமாக இருக்கும். ஆனால் பிடித்து நிறுத்த குறுக்கு அடுக்கு இல்லாததால் ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும்.

நம் ஊரில் சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் காய்ச்சல் வெயில். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. இரண்டும் அந்த மரத்துக்கு ஆகாது. ஷெல் கொஞ்சம் கோணினாலும் ஹெட் (நாம் அடிக்கிற தோல்) சமமாக உட்காராது, எவ்வளவு முறுக்கினாலும் ஸ்ருதி நிற்காது.

தவிலும் ஒரே பலாக்கட்டையைக் குடைந்து செய்வதுதானே, வித்வான்கள் அதை ஊர் ஊராகக் கொண்டு போகவில்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தவில் குடைந்தெடுத்த மரம், வளைத்தது அல்ல, சுவரும் தடிமன். அதோடு, தவிலுக்கு ஏதாவது ஆனால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த ஒற்றைப் பலகை ஷெல் விரிசல் விட்டால் யாரிடம் கொண்டு போவது? விலையைவிட இந்தக் கேள்விதான் முக்கியம்.

உங்கள் நல்ல ஸ்நேர் உலோகத்தால் ஆனது என்றால் கவலை பாதி குறைந்தது. லுட்விக் சுப்ராபோனிக் மாதிரியான அலுமினிய ஷெல்லை வெயிலும் ஈரமும் அவ்வளவாக ஒன்றும் செய்யாது. கச்சேரிக்கென்று ஒரு ஸ்நேர் வாங்குவதாக இருந்தால் உலோகத்திலேயே வாங்குங்கள்.

படி 2: அட்வான்ஸ் வாங்கும்போதே கேளுங்கள்

போனில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அண்ணே, மேடை மண்டபத்துக்குள்ளயா, வெளியவா?"

"கோயில் வாசல்லதான் தம்பி. மேல பந்தல் போட்டுருவோம்."

"வண்டி மேடை வரைக்கும் வருமாண்ணே?"

"கூட்டமா இருக்கும்ல, தெருமுக்குல இறக்கிக்கிரணும்."

"மைக்செட்டுக்காரர் டிரம்ஸுக்கு எத்தன மைக் குடுப்பாரு?"

"ரெண்டு குடுப்பாரு தம்பி, நீ வந்து சேரு."

சரி, முடிவு தெரிந்துவிட்டது. நல்ல செட் வீட்டிலேயே இருக்கட்டும். இரண்டு மைக்கில் ஒன்று கிக்குக்கு, இன்னொன்று ஸ்நேருக்கும் ஹைஹாட்டுக்கும் (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) நடுவில். டாம்கள் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் கூட்டத்துக்குப் போய்ச் சேராது. கம்பத்தில் கட்டியிருக்கும் கூம்பு ஸ்பீக்கர் நடு ஸ்தாயியைத்தான் நன்றாகக் கொடுக்கும். கிக்கின் அடி நாதம் அதில் வரவே வராது. ஒற்றைப் பலகை ஷெல்லுக்கும் பிளை ஷெல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஸ்பீக்கரில் யாரும் கேட்க முடியாது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: நமக்கு முன்னும் பின்னும் வேறு குழு உண்டா? இருந்தால் "செட் இருக்கட்டும் தம்பி, ரெண்டு பாட்டுத்தான்" என்று ஒருவர் வந்து உட்காருவார். மாட்டேன் என்று சொல்வதும் கஷ்டம், அவர் அடிக்கிற அடியைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் கஷ்டம். சில குழுக்களுக்கு ஆக்டோபேட் (எலக்ட்ரானிக் டிரம் பலகை) மட்டுமே போதும், அதையும் விசாரியுங்கள். தூக்குகிற வேலையாவது மிச்சம்.

படி 3: மேடைக்கு ஏற்ற முடிவு

சித்திரைத் திருவிழாச் சமயம் ஆற்றங்கரைப் பக்கத்து மேடை என்றால் யோசிக்கவே வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்கும்போது பக்தர்கள் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவார்கள். அது யார் மேல் படும், எதன் மேல் படும் என்று சொல்ல முடியாது. மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் வெடி, கலர் பேப்பர், புழுதி எல்லாம் உண்டு. மார்கழி, தை மாதத்து ராத்திரிக் கச்சேரியில் பனி இறங்கும். இங்கெல்லாம் பிளை ஷெல் செட்தான்: யமஹா ஸ்டேஜ் கஸ்டம், பேர்ல் எக்ஸ்போர்ட் மாதிரி உழைப்பாளிகள். வாடகைக்குக் கிடைப்பதாக இருந்தாலும் சரி.

கல்யாண மண்டபம் இரண்டுங்கெட்டான். மேடை நன்றாகவே இருக்கும். ஆனால் வரவேற்பு முடிந்து நீங்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் பிள்ளைகள் எல்லாம் செட்டைச் சுற்றி நிற்பார்கள். காவலுக்கு ஆள் இருந்தால் மட்டும் கொண்டு போங்கள்.

ராஜா முத்தையா மன்றம் போன்ற அரங்கம், சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாடல் நிகழ்ச்சி, ரெக்கார்டிங் என்றால் தாராளமாக எடுத்துப் போங்கள். மெதுவாகத் தட்டினாலும் கேட்கிற இடங்கள் அவை. நல்ல செட்டை எப்போதும் பூட்டியே வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எந்த ஸ்ருதியில் அது நன்றாகப் பேசும் என்பது நாலு மேடையில் வாசித்தால்தான் பிடிபடும்.

படி 4: சாதா செட்டை நன்றாகப் பேச வையுங்கள்

முக்கியமான படி இதுதான். பெரும்பாலும் சாதா செட் மோசமாகக் கேட்பதற்குக் காரணம் மரம் இல்லை. தேய்ந்துபோன ஹெட்டும் ஏனோதானோவென்று முறுக்கியதும்தான்.

முதலில் பழைய ஹெட்டைக் கழற்றிவிட்டு ஷெல்லைச் சமையலறை கிரானைட் மேடையில் கவிழ்த்து வையுங்கள். லைட்டை அணைத்துவிட்டு மேல்பக்கமாகப் போன் டார்ச்சை உள்ளே அடியுங்கள். அடி விளிம்பில் எங்காவது வெளிச்சம் கசிந்தால் அந்த இடம் சமமாக இல்லை. கொஞ்சம் கசிந்தால் சமாளிக்கலாம், நிறையக் கசிந்தால் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நீங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்.

விளிம்பைத் துடைத்துவிட்டுப் புது ஹெட்டை வைத்து, ரிம்மை (ஹெட்டைப் பிடிக்கும் வளையம்) மாட்டி, அதை இறுக்கும் ராடுகள் எல்லாவற்றையும் விரலாலேயே முடிந்தவரை திருகுங்கள். அப்புறம் டிரம் கீயை (ராடைத் திருகும் சாவி) எடுத்து ஒரு ராடில் அரைச் சுற்று, அதற்கு நேர் எதிரே உள்ளதில் அரைச் சுற்று, அதற்கு அடுத்தது, அதன் எதிர் என்று போங்கள். வரிசையாகச் சுற்றிக்கொண்டே போனால் ஹெட் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். சுருக்கம் போனதும் நடுவில் உள்ளங்கையால் அழுத்துங்கள். சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், ஹெட் உட்காருகிறது. அழுத்தியதில் கொஞ்சம் தளர்ந்திருக்கும், மறுபடி முறுக்குங்கள்.

இப்போது ஒவ்வொரு ராடுக்கும் பக்கத்தில், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, குச்சியால் லேசாகத் தட்டிக் கேளுங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஸ்ருதி வரும்வரை சரிசெய்யுங்கள். பொறுமை வேண்டும். டாமில் அடி ஹெட்டை மேல் ஹெட்டின் ஸ்ருதிக்கே வையுங்கள், அல்லது துளி மேலே. கிக்குக்குள் ஒரு சின்னத் தலையணை, ஹெட்டை லேசாகத் தொடுகிற மாதிரி.

படி 5: நல்ல செட் போகிறதென்றால்

குட்டி யானை வண்டியில் ஸ்பீக்கர் பெட்டிகளோடு போகிறதென்றால் கெட்டியான பெட்டி கட்டாயம், துணிப்பை போதாது. சொந்தக் காரில் போனால் பஞ்சு வைத்த பை போதும். மத்தியான வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், பசையும் வார்னிஷும் கெடும். ஏசி காரிலிருந்து புழுக்கமான இடத்தில் இறக்கினால் உடனே திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். சீரியல் நம்பர், ஷெல்லின் உள்பக்கம், பில் மூன்றையும் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: மேடையில், அப்புறம் வீட்டில்

கனமான ஜமுக்காளம் ஒன்று சொந்தமாக வைத்திருங்கள். இல்லாவிட்டால் மேடைப் பலகையில் கிக் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். சிம்பல் ஸ்டாண்டில் பிளாஸ்டிக் குழாயும் ஃபெல்ட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மைக்செட்டுக்காரரின் ஸ்டாண்டில் பெரும்பாலும் இருக்காது, உதிரியாக இரண்டு பையில் இருக்கட்டும். இரும்பு நேரடியாகப் பட்டால் சிம்பலின் துளை தேய்ந்து, பின்னால் விரிசல் விடும். மேல் திருகையும் இறுக்கிப் பூட்டாதீர்கள், சிம்பல் ஆட வேண்டும்.

கச்சேரி முடிந்ததும் முதலில் சிம்பலைக் கழற்றுங்கள், தொலைவதும் முதலில் அதுதான். வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு நேரமானாலும், பெட்டிகளைத் திறந்து காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள். ஈரத்தோடு மூடிய பெட்டி மறுநாள் பூஞ்சை வாடை அடிக்கும். ஹெட்டை முழுக்கத் தளர்த்த வேண்டாம். ஸ்நேரின் அடிக் கம்பியை மட்டும் ஆஃப் செய்துவிட்டுப் படுக்கப் போங்கள்.