பெட்டியில் 20,000, உள்ளே மணல்: மலிவு மின்சாதனங்கள் வாங்கும்போது விடும் பிழைகள்

போன வருசம் மாசியில், விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா, போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பாங்க் ஒன்றைக் கொண்டுவந்தார். "தம்பி, இது இருபதாயிரமாம். ஒருக்காப் போனைப் போட்டவுடனை முடிஞ்சு போகுது. நான்தான் பிழையாப் பாவிக்கிறனோ தெரியேல்லை" என்றார்.

இலங்கையின் வடக்கே பரந்தனில் போன், கொம்பியூட்டர் திருத்தும் சின்னக் கடை என்னுடையது. மேசையில் ஒரு சமையலறைத் தராசு எப்போதும் இருக்கும். பவர் பாங்கை அதில் வைத்தேன். 380 கிராம். 20,000 எம்ஏஎச் (பற்றரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு) உள்ள பவர் பாங்க் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்க வேண்டும், எடையில் பிழையில்லை. அப்புறம் மூடியைக் கிளப்பினேன். உள்ளே தட்டையான பற்றரி ஒன்றே ஒன்று. மிச்ச இடத்தில் டேப் சுற்றிய ஒரு சின்னப் பை. டேப்பை வெட்டினால், மணல். இங்கே வீடு கட்ட ஒரு லோட் மணல் ஏற்றப் பெர்மிட்டுக்கு அலைந்து திரிகிறோம், வெளிநாட்டிலிருந்து கப்பலில் மணல் வந்து இறங்குகிறது.

அந்த அக்கா தன்மேல் பிழை என்று நினைத்துக்கொண்டு வந்ததுதான் எனக்கு உறுத்தியது. கடைக்கு வரும் பாதிப்பேர் அப்படித்தான். பெட்டியில் அச்சடித்த இலக்கம் பொய்யாக இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

பவர் பாங்கின் கணக்கு

நேர்மையான பவர் பாங்கிலும் பெட்டியில் உள்ள இலக்கம் முழுதாகக் கைக்கு வராது. எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் பற்றரியின் அளவு. அந்தப் பற்றரி 3.7 வோல்ட். போனுக்குப் போவதோ 5 வோல்ட். 10,000 எம்ஏஎச் என்றால் 37 வாட்-மணி. அதை 5ஆல் பிரித்தால் 7,400. மாற்றும்போது சூடாகப் போகும் இழப்பையும் கழித்தால் 6,000 முதல் 6,500 வரை மிஞ்சும். 5,000 எம்ஏஎச் பற்றரி உள்ள போனை ஒன்றேகால் தடவை நிரப்பும், மிஞ்சிப் போனால் ஒன்றரை. நல்ல கம்பனிக்காரர் இதை மறைப்பதில்லை. பின்பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் வாசிக்கக் கஷ்டமான எழுத்தில், 5 வோல்ட்டில் எவ்வளவு கிடைக்கும் என்று தனியாகப் போட்டிருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். அந்த வரியே இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எடையைப் பார்ப்பது இன்னும் சுலபம். ரோர்ச் லைற்றுக்குள் வரும் உருளைப் பற்றரியை 18650 என்பார்கள். அது ஒன்று 45 கிராமுக்கு மேல் இருக்கும், அதில் மிக நல்லதிலேயே 3,500 எம்ஏஎச் அளவுதான் அடங்கும். ஆக, 20,000 வேண்டுமானால் ஆறு பற்றரி, 270 கிராமுக்குக் குறையாது. 150 கிராம் பவர் பாங்கில் 20,000 என்று எழுதியிருந்தால் எழுதியவருக்கு வெட்கமில்லை என்று அர்த்தம். அதே உருளைப் பற்றரியின் மேலேயே 9,900 என்று அச்சடித்துச் சந்தையில் விற்கிறார்கள். அப்படி ஒரு பற்றரி உலகத்தில் இல்லை.

மணல் போட்டவனைத் தராசு பிடிக்காது, உண்மைதான். அதற்கு ஒரு வழி: வாங்கிய கிழமையே முழுதாகச் சார்ஜ் ஏற்றி, உங்கள் போனை எத்தனை தடவை நிரப்புகிறது என்று எண்ணுங்கள். ஆறு மாதம் கழித்து எண்ணி என்ன பயன்?

தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் பற்றரியே வராத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட சனம் எங்கள் சனம். எவ்வளவு சுற்றினால் எவ்வளவு நேரம் பாடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் அப்பாவிடம் இந்தப் பவர் பாங்கைக் காட்டியிருந்தால், கையில் வைத்துப் பார்த்துவிட்டு "இதுக்குள்ள என்ன கிடக்கு?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

"300 வாட்" சோலர் லைற்

யானைக்குப் பயந்து வளவைச் சுற்றி சோலர் லைற் போடும் வீடுகள் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் நிறைய. அதனால் பெட்டி இலக்கத்தை நம்பும் பிழைக்கு இங்கே விலை கூட. நல்ல வெயிலில் ஒரு சதுர மீற்றர் சோலர் தகடு 200 வாட் அளவு தரும். ஏ4 தாள் அளவுத் தகடு 12 வாட் தந்தாலே பெரிய காரியம். அந்த அளவுத் தகட்டை வைத்துக்கொண்டு பெட்டியில் 300 வாட், 500 வாட் என்று எழுதுகிறார்கள். முன்னிரவில் பளீரென்று எரியும், நடுச்சாமத்தில் மங்கிவிடும். யானை வருவது நடுச்சாமத்தில். வாட் இலக்கத்தை விடுங்கள், தகட்டின் நீள அகலத்தை அளந்து பாருங்கள். ஒரே விலையில் இரண்டு இருந்தால் பெரிய தகடு உள்ளதை எடுங்கள். மாரியில் வானம் மூடிக் கிடக்கும் நாட்களில் இதுவும் பாதிதான்.

கரண்ட் போனாலும் இணையம் வேண்டும் என்றால்

2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதால் நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்னதும் நினைவிருக்கும். அதன் பிறகு வீட்டுக்கு இணையம் தரும் ரவுட்டரைக் கரண்ட் போனாலும் பற்றரியில் ஓட வைக்கும் சின்ன யுபிஎஸ் கேட்டு வருவோர் கூடிவிட்டார்கள். நல்ல சாமான்தான். ஆனால் கடையில் எல்லோரும் கேட்பது "எத்தனை மணித்தியாலம் நிக்கும்?" என்று. முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல.

ரவுட்டரின் அடப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட் 1 அம்பியர் என்று இருக்கும், சிலதில் 1.5 அல்லது 2. சிலது 9 வோல்ட், சிலது 5 வோல்ட். யுபிஎஸ்ஸின் வெளியீடு அதே வோல்ட்டாகவும், அம்பியர் அதே அளவு அல்லது கூடவாகவும் இருக்க வேண்டும். ரவுட்டருக்கு 9 வோல்ட் வேண்டிய இடத்தில் 12 வோல்ட் ஓட்டையில் குத்திக் கருக்கியவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். பின்னின் நடுத்துளையும் இரண்டு விதமாக வரும், 2.1 மில்லிமீற்றர், 2.5 மில்லிமீற்றர். போய்ப் பொருந்தியதுபோல் இருக்கும், தொட்டால் விட்டு விட்டு வேலை செய்யும். அதனால் ரவுட்டரையும் அடப்டரையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, சேலைக்குப் பொருத்தமாகச் சட்டைத் துணி எடுக்கப் போகும்போது சேலையைக் கொண்டு போவதில்லையா?

நேரக் கணக்கு இதுதான். 8,800 எம்ஏஎச் என்பது உண்மையானால் 32 வாட்-மணி. வீட்டு ரவுட்டர் பெரும்பாலும் 6, 8 வாட் இழுக்கும். மூன்று, நாலு மணித்தியாலம் நிற்கும். 10 மணித்தியாலம் என்று சொல்பவரிடம் ரவுட்டரைக் கொழுவிக் காட்டச் சொல்லுங்கள்.

அலுவலகத்துக்குப் பெரிய யுபிஎஸ் வாங்கும்போது 650 விஏ (வோல்ட்-அம்பியர்) என்பதை 650 வாட் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு வழக்கமான பிழை. அது 360, 390 வாட்டுக்குள்தான். உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 அம்பியர்-மணிப் பற்றரி. செய்துகொண்டிருந்த வேலையைச் சேமித்துக் கொம்பியூட்டரை ஒழுங்காக நிறுத்தப் பத்து நிமிசம் கிடைக்கும், அதற்குத்தான் அது. ஒரு முன்பள்ளி அலுவலகத்தில் லேசர் பிறிண்டரையும் அதிலேயே கொழுவி வைத்திருந்தார்கள். லேசர் பிறிண்டர் சூடேறும் கணத்தில் ஒரே இழுவையாக இழுக்கும். ஒவ்வொரு தாளுக்கும் யுபிஎஸ் கீச்சிட, அவர்கள் யுபிஎஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இடி மின்னலைப் பற்றியும் ஒன்று. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி எங்களுக்குப் புதிதல்ல. "சேர்ஜ் புரொடெக்டர்" என்று எழுதிய மல்டி பிளக்கை 1,500 ரூபாய்க்கு வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அது தாங்கும் மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்க ஏர்த் வேண்டும். மூன்றாவது பின் ஓட்டைக்குள் கம்பியே இல்லாத மல்டி பிளக் எத்தனையோ பார்த்துவிட்டேன். ஏர்த் கம்பி இருந்தாலும், சில வீடுகளில் அது இறங்கும் மண் கோடையில் கல்லாகக் காய்ந்து கிடக்கும். முழக்கம் கேட்டவுடன் பிளக்கையும் அன்ரனா வயரையும் கழற்றுவது செலவில்லாத பாதுகாப்பு. மல்டி பிளக் வாங்கும்போது வயரின் தடிப்பைப் பாருங்கள். பெட்டி எவ்வளவு வடிவாக இருந்தாலும், போன் சார்ஜர் வயர் மாதிரி மெல்லியதாக இருந்தால் அதில் கேத்திலும் அயர்னும் போடக்கூடாது.

பழைய மடிக்கணினி

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பாவித்த மடிக்கணினிகள் நன்றாக ஓடுகின்றன. ஏஎல் எடுக்கும் பிள்ளைகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் புதியதன் விலை கட்டுப்படியாகாது, நானும் பாவித்ததைத்தான் வாங்கச் சொல்வேன். பிழை வருவது "ஐ5 இருக்கு, ஐ7 இருக்கு" என்று புரொசெசர் ஸ்ரிக்கரைப் பார்த்து வாங்குவதில். ஐ5க்குப் பிறகு வரும் இலக்கத்தைப் பாருங்கள். 4300 என்றால் நாலாவது தலைமுறை. 8250 என்றால் எட்டாவது. பழைய ஐ7ஐ விட எட்டாந்தலைமுறை ஐ5 பல வேலைக்கு மேல். இன்னொரு காரணமும் உண்டு: விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2025 ஒக்ரோபர் 14உடன் நின்றுவிட்டன. இன்ரெல்லில் எட்டாந்தலைமுறைக்கு முந்தியவற்றைப் பெரும்பாலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. குறுக்கு வழியில் போட்டுத் தருவார்கள்தான், ஆனால் மேம்படுத்தல் எப்போது நிற்கும் என்று யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கடையில் நிற்கும்போதே சார்ஜரைக் கழற்றி ஒரு வீடியோவை ஓட விடுங்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பாருங்கள். இருபது நிமிசத்தில் 100 இலிருந்து 60க்கு இறங்கியிருந்தால் புதுப் பற்றரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசலாம். ஒவ்வொரு எழுத்தையும் தட்டிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். ஒரு ரீச்சர் வாங்கிய மடிக்கணினியில் மற்ற எல்லாம் சரி, "என்" (N) விசை மட்டும் இல்லை. தன் பெயரையே அடிக்க முடியவில்லை.

2 டெராபைட் பென் ட்ரைவ்

முகநூல் விளம்பரத்தில் 2 டெராபைட் பென் ட்ரைவ் இரண்டாயிரம் ரூபாய் என்றால் அது பொய். விலையைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். பொய் வேலை செய்யும் விதம்தான் கொடுமையானது. உள்ளே 32 ஜிபிதான் இருக்கும், ஆனால் கொம்பியூட்டரிடம் "2 டெராபைட்" என்று சொல்லும்படி அதை மாற்றி வைத்திருப்பார்கள். 32 ஜிபி நிரம்பியபின் நீங்கள் போடுவது எல்லாம் பழையதற்கு மேலேயே எழுதப்படும், அல்லது காற்றோடு போகும். கோப்பின் பெயர் பட்டியலில் இருக்கும், திறந்தால் ஒன்றுமில்லை. கலியாண வீட்டுப் படங்கள் முழுவதையும் இப்படிப் போட்டுவிட்டு, மடிக்கணினியில் இருந்ததை அழித்த ஒரு தம்பிக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எந்த மெமரி காட், பென் ட்ரைவ் வாங்கினாலும் முதலில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளால் முழுவதும் எழுதி, திரும்ப வாசித்துப் பாருங்கள். நேரம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம்.

டப்லெட்டில் "8 + 8 ஜிபி ராம்" என்பதும் இந்த இனம்தான். முதல் எட்டு மட்டுமே ராம், அதாவது வேலை நடக்கும்போது பாவிக்கும் வேக நினைவகம். மற்றது சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கிய இடம்.

புரொஜெக்டரில் "1080பி சப்போர்ட்" என்றால் அந்த வீடியோவை ஏற்றுக்கொள்ளும் என்றுதான் அர்த்தம், அந்தத் தெளிவில் காட்டும் என்றல்ல. "நேற்றிவ்" என்று போட்ட இலக்கத்தைக் கேளுங்கள், உண்மையில் காட்டும் தெளிவு அதுதான். பகலில், தகரக் கூரை வகுப்பறையில், யன்னலைத் திறந்து வைத்துப் படம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பிறிண்டர் விசயத்தில் என் கருத்துக் கொஞ்சம் முரட்டுத்தனமானது. மாதத்துக்கு நாலு தாள் எடுப்பவர் வாங்கவே வேண்டாம், சந்தியில் பிறிண்ட் எடுத்துத் தரும் கொமினிகேசன் இருக்கிறது. மை பிறிண்டரைப் பாவிக்காமல் வைத்தால் எங்கள் வெக்கைக்கு மை காய்ந்து, மை வரும் தலை அடைத்துவிடும். நிறைய எடுப்பவர்கள் மை ராங்க் உள்ளதையோ, கறுப்பு மட்டும் போதுமென்றால் லேசரையோ வாங்கலாம்.

போனோ, சிம் போடும் எந்தக் கருவியோ வாங்குமுன் *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐயை, அதாவது கருவியின் அடையாள இலக்கத்தை, குறித்துக்கொள்ளுங்கள். ஐஎம்இஐ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தையும் அடித்து 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். 2025 ஜனவரி 28க்குப் பிறகு வந்த பதிவில்லாத கருவிகளுக்கு உள்ளூர் வலையமைப்பு கிடைக்காது என்று அறிவித்திருக்கிறார்கள். மலிவாகக் கிடைத்த போன் சிம் எடுக்காவிட்டால் அது கமராவும் மணிக்கூடும்தான்.

வொரன்ரி

"ஒரு வருச வொரன்ரி அண்ணை" என்பதைக் கேட்டவுடன் மனம் இளகிவிடும். எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். கொழும்புக்கு அனுப்ப வேண்டும், ஒரு மாதமாகும் என்றால், 3,000 ரூபாய்ச் சாமானுக்கு அந்த வொரன்ரி வெறும் கடதாசி. புதுக்குடியிருப்பிலிருந்து இரண்டு தடவை பஸ் ஏறி ஒரு நாள் வேலையை விட்டால் சாமானின் விலை போய்விடும். அதனால் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும், சந்தியில் முகம் தெரிந்த கடையில் வாங்குவது கணக்கில் மலிவு. கூரியரில் வருவதற்குக் காசு கொடுத்த பிறகுதான் பெட்டியைத் திறக்க விடுவார்கள். திறந்து பார்க்கும்போது கூரியர் தம்பி அடுத்த ஊரில் நிற்பான்.

எதுவானாலும் பில் எழுதி வாங்குங்கள், பில்லில் சாமானின் பெயரும் மொடல் இலக்கமும் இருக்கட்டும். கடைக்காரர் கையை விரித்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். அவர்களும் முதலில் கேட்பது பில்லைத்தான். பளபளவென்று வரும் மெசின் பில்லில் எழுத்து சூட்டினால் வருவது, மணிபேர்சுக்குள் இரண்டு கோடை கிடந்தால் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.