எடு, விடு: பூரான் ஆட்டச் சோதனையை வகுப்பறையில் நடத்தும் முறை

ஒருவர் மாற்றி ஒருவர் முடிவெடுக்கும் ஆட்டங்களில், ஒத்துழைப்பையும் பகுத்தறிவையும் நேருக்கு நேர் மோதவிடுவது பூரான் ஆட்டம். 1981-இல் பொருளியல் அறிஞர் ராபர்ட் ரோசன்தால் முன்வைத்தது. ஆட்டத்தின் கிளைப்படம் பூரானைப் போல் இருப்பதால் இந்தப் பெயர். 1992-இல் மெக்கெல்வியும் பால்ஃப்ரேயும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். அவர்களுடைய நான்கு படி வடிவத்தை, தொகையை மட்டும் ரூபாய்க்கு மாற்றிக் கீழே தருகிறோம். 20 பேர், இரண்டு அறைகள், தாள் எடுத்துப் போக இரண்டு பேர், ஒன்றரை மணி நேரம் இருந்தால் போதும்.

மேசையில் இரண்டு குவியல்: ₹40, ₹10. முதலாமவர் 'எடு' என்றால் பெரியது அவருக்கு, சிறியது மற்றவருக்கு, ஆட்டம் முடிந்தது. 'விடு' என்றால் இரண்டும் இரட்டிப்பாகி, முறை அடுத்தவருக்குப் போகும். இரண்டாம் படியில் எடுத்தால் முதலாமவருக்கு 20, இரண்டாமவருக்கு 80. மூன்றாம் படியில் 160, 40. நான்காம் படியில் 80, 320. கடைசிவரை இருவரும் விட்டால் 640, 160.

கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். அங்கே இரண்டாமவருக்கு எடுத்தால் 320, விட்டால் 160, எடுப்பார். அது தெரிந்த முதலாமவர் மூன்றாம் படியிலேயே எடுப்பார். இப்படியே நூல் பிடித்தால், முதல் படியிலேயே ₹40 எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் கோட்பாடு சொல்லும் விடை. 1992 சோதனையில் அப்படிச் செய்தவர்கள் சுமார் 7 சதவீதம்தான்.

அறை ஒன்றில் முதலாமவர்கள் பத்து பேர், அறை இரண்டில் இரண்டாமவர்கள் பத்து பேர். யாருக்கு யார் ஜோடி என்று கடைசிவரை தெரியக் கூடாது. ஆட்கள் நகர வேண்டாம், 'எடு' அல்லது 'விடு' என்று எழுதிய தாள்கள் நகரட்டும். முதல் சுற்றில் 1-க்கு 1, 2-க்கு 2; அடுத்த சுற்றில் 1-க்கு 2, 2-க்கு 3, 10-க்கு 1. பத்து சுற்றில் ஒவ்வொருவரும் எதிர் அறையில் உள்ள எல்லோரையும் ஒரே ஒரு முறை சந்திப்பார்கள். சுழற்சி எப்போதும் ஒரே திசையில்தான் போக வேண்டும். அப்படிப் போனால், நீங்கள் ஒருவரிடம் நடந்துகொண்ட விதம் அவர் வழியாக இன்னொருவரைத் தொற்றி, அந்த ஆள் பிறகு உங்களையே சந்திக்கும் நிலை வராது. நடுவில் வரிசையைக் குலைத்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

எந்தத் தாளும் ஒரு சுற்றில் நான்கு முறை அறை மாறும். நான்காவது பயணம் முதலாமவருக்கு முடிவைக் காட்ட. இரண்டாம் படியிலேயே ஆட்டம் முடிந்த தாளும் மீதிப் பயணத்தைச் செய்தாக வேண்டும். வாங்கியவர் ஒரு புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுக்கட்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு யாருடைய மேசைக்குத் தாள் திரும்பி வரவில்லை என்பதைப் பார்த்தே பக்கத்தில் இருப்பவர் ஆட்டத்தின் முடிவை ஊகித்துவிடுவார்.

அறிவுரைத் தாளில் 'நம்பிக்கை', 'துரோகம்', 'கூட்டாளி', 'எதிராளி' எதுவும் வேண்டாம். 'மற்றவர்' போதும். சத்தமாக எல்லோருக்கும் ஒன்றாகப் படியுங்கள். பிறகு, புரிந்ததா என்று பார்க்க மூன்று கேள்வி. அவற்றில் ஒன்று: முதலாமவர் விட்டு, இரண்டாமவர் எடுத்தால் யாருக்கு எவ்வளவு? (20, 80.) 'எடு' என்றாலும் குவியல் இரட்டிப்பாகும் என்று நினைத்து 40, 160 என்று எழுதுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களைத் திருத்தாமல் தொடங்கினால், நீங்கள் அளப்பது ஒத்துழைப்பை அல்ல, குழப்பத்தை.

பத்து சுற்றுக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. முடிவில் டப்பாவில் பத்து சீட்டு போட்டு, பங்கேற்றவர் ஒருவரையே ஒன்றை எடுக்கச் சொல்லி, அந்தச் சுற்றுக்கு மட்டும் கொடுங்கள். முந்தைய சுற்றில் சம்பாதித்துவிட்டோம் என்ற தெம்பு அடுத்த முடிவைக் கெடுக்காது. மெக்கெல்வி, பால்ஃப்ரே கண்ட போக்கே இங்கும் இருந்தால் செலவு ₹2,100 சொச்சம். ஆனால் எல்லோரும் கடைசிவரை விட்டால் ₹8,000 ஆகும், அது கையில் இருக்க வேண்டும். உறையில், தனித்தனியாகக் கொடுங்கள். ஆள் குறைந்தால் கற்பனை ஆளை வைத்து ஒப்பேற்றாதீர்கள். 24 பேரை வரச்சொல்லி, மிஞ்சுகிறவர்களுக்கு வந்ததற்கான தொகையைக் கொடுத்து அனுப்புங்கள்.

கணக்குப் போடும்போது, ஒவ்வொரு படியிலும் எடுத்தவர்களை மொத்த ஆட்டங்களால் வகுக்காமல், அந்தப் படியை எட்டிய ஆட்டங்களால் வகுக்க வேண்டும். 1992 சோதனையில் அந்த விகிதம் 7, 38, 65, 75 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போனது. இன்னொன்று: 100 ஆட்டம் நடந்தது என்பதற்காக 100 தனித்தனித் தரவு கிடைத்துவிடாது. ஒரே இருபது பேர் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டே ஆடியவை அவை. கறாராகப் பார்த்தால் ஓர் அமர்வு ஒரு தரவு.

'விட்டவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை' என்று எழுதிவிடுவதுதான் மோசமான பிழை. முதலாமவர் இப்போது விட்டு, மூன்றாம் படியில் எடுக்கத் திட்டமிடுகிறார் என்று வையுங்கள். மற்றவர் விடுவார் என்றால் 160, எடுப்பார் என்றால் 20. கையில் உள்ள 40-ஐ விட இது லாபமாக, மற்றவர் விடும் வாய்ப்பு ஏழில் ஒன்றைத் தாண்டினால் போதும். 1992 சோதனையின் இரண்டாம் படியில் விட்டவர்கள் 62 சதவீதம். அந்தக் கூட்டத்தில் முதல் படியிலேயே ₹40 எடுப்பவர்தான் நஷ்டப்படுபவர். சதுரங்க வீரர்களை வைத்து நடந்த ஆய்வுகளே எதிரெதிராகப் பேசுகின்றன: 2009-இல் பலாசியோஸ்-ஹுவேர்ட்டாவும் வோலிஜும் பெரும்பாலோர் முதல் படியில் நிறுத்தியதைக் கண்டார்கள், 2011-இல் லெவிட், லிஸ்ட், சடாஃப் வெகு சிலரே அப்படிச் செய்ததைக் கண்டார்கள்.

ஆகவே பத்து சுற்றும் முடிந்த பிறகு (முன்பே கேட்டால் ஆட்டமே மாறிவிடும்) இரண்டு கேள்வித் தாள் கொடுங்கள். ஒன்று, 'இரண்டாம் படியில் பத்து பேரில் எத்தனை பேர் விட்டிருப்பார்கள்?' சரியாகச் சொன்னவருக்குச் சிறு தொகை. மற்றொன்று, ஆட்டம் ஏதுமில்லாமல், 'உங்களுக்கு 320, முகம் தெரியாத ஒருவருக்கு 80; அல்லது உங்களுக்கு 160, அவருக்கு 640. எது?' இதற்கும் உண்மையான பணம் வேண்டும். கடைசிப் படியில் விட்டவர் இங்கேயும் 160-ஐத் தேர்ந்தால் அது தாராளம். இங்கே 320-ஐ எடுத்தால், அங்கே அவர் விட்டது முன்பு தனக்கு விட்டுக்கொடுத்தவருக்குச் செய்த பதில் மரியாதையாக இருக்கலாம்.