பழைய எம்ஜிபி காரில் மலையேறும்போது உடன் இருக்க வேண்டிய உதிரிபாகங்கள்

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரைக் கோயம்புத்தூர்ப் பக்கம் வைத்து ஓட்டுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தேய்ந்த புஷ்ஷையோ முறிந்த பிராக்கெட்டையோ கணபதியிலோ சிங்காநல்லூரிலோ ஒரு லேத் பட்டறையில் கொடுத்தால், அளவெடுத்துப் புதிதாகவே செய்து தந்துவிடுவார்கள். ஆனால் எந்த லேத்திலும், பிளக்குக்குத் தீப்பொறி தரும் அமைப்பில் உள்ள கண்டன்சரையோ ரோட்டரையோ கடைய முடியாது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளின் நடுவே பட்டறையைத் தேடவும் முடியாது. ஆகவே, பழுதானால் வண்டியை அடியோடு நிறுத்திவிடுவதும், நம் ஊரில் செய்துகொள்ள இயலாததும், சாலையோரத்தில் நம் கையாலேயே மாற்றத்தக்கதுமான பாகத்துக்கே டிக்கியில் இடம் தர வேண்டும். சாலையோரத்தில் மாற்றுவது கடினம் என்பதால் வாட்டர் பம்ப் இந்த அளவுகோலில் தேறாது. அதை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

முதலிடம் இக்னிஷன், அதாவது தீப்பொறி தரும் பாகங்களுக்கு. ஒரு செட் பாயிண்ட் (மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனைகள்), கண்டன்சர், ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, இரண்டு பிளக், நீளமான ஒரு பிளக் ஒயர் ஆகியவை ஒரு சிறு டப்பாவில் அடங்கிவிடும். பாயிண்ட் இடைவெளியை 0.014 முதல் 0.016 அங்குலத்துக்குள் வைக்க ஃபீலர் கேஜும் அதே டப்பாவில் இருக்கட்டும். இவற்றைப் புதிதாக வாங்கி அப்படியே உறையோடு எடுத்துச் செல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. இப்போது கிடைக்கும் கண்டன்சர்களும் ரோட்டர்களும் எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை. சில, சூடேறியதும் கைவிட்டுவிடுகின்றன. புதியதை வண்டியில் மாட்டிச் சில வாரம் ஓட்டிப் பார்த்து, அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழையதை உதிரியாக வைத்துக்கொள்வதே நம்பகமான வழி. அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் பிஎம்சி நிறுவனத்தின் பி சீரிஸ் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், அம்பாசடரில் கைபழகிய மூத்த மெக்கானிக்குகளுக்கு இந்த எஞ்சின் அந்நியமாகத் தெரியாது. அதற்காக அம்பாசடர் பாகம் எல்லாம் பொருந்திவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. நம் வண்டியில் இருப்பதைக் கழற்றி அருகில் வைத்து ஒப்பிட்ட பிறகே வாங்க வேண்டும்.

வண்டி நின்றதும் பாகங்களை மாற்றத் தொடங்குவதற்கு முன், சாவியைப் போட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். பின்பக்கம் உள்ள எஸ்யூ நிறுவன மின்சாரப் பெட்ரோல் பம்ப் சில முறை 'டிக் டிக்' என்று அடித்து நின்றால் பெட்ரோல் வருகிறது என்று பொருள். கோளாறை இக்னிஷனில் தேடலாம். நிற்காமல் வேகமாக அடித்தால் டாங்க் காலியாகியிருக்கும், அல்லது குழாயில் எங்கோ காற்று புகுந்திருக்கும். ஓசையே இல்லையென்றால் பம்பின் உள்ளே இருக்கும் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். ஸ்பேனரின் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் பெரும்பாலும் மீண்டும் இயங்கத் தொடங்கி, ஊர் வந்து சேரும் வரை தாக்குப்பிடிக்கும். இந்த எஞ்சினில் கார்புரேட்டர்கள் எக்ஸாஸ்ட் குழாய்க்கு நேர்மேலே அமைந்திருப்பதால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஏற்றத்தில் ஏறி நிறுத்திய பிறகு வண்டி திணறினால் பானெட்டைத் திறந்து வைத்து ஆறவிடுவதே சரியான வைத்தியம்.

இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுவதால், பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்கள் ஊறி வெடித்துவிடுகின்றன. எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் ஒரு மீட்டரும் கிளிப்புகளும் கட்டாயம் வேண்டும்.

குளிர்விப்புக்கு ஃபேன் பெல்ட், மேல், கீழ் ரேடியேட்டர் ஹோஸ்கள், 5 லிட்டர் தண்ணீர் ஆகியவை போதும். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டலாம் என்பதால், அதன் கேஸ்கெட் ஒன்றை மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஃப்யூஸ்கள், ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் ஆயில், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப் ஆகியவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

ஸ்பேனர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இந்த வண்டியின் நட்டுகள் அங்குல அளவில் அமைந்தவை. உதவ வரும் மெக்கானிக்கின் கையில் இருப்பதோ மில்லிமீட்டர் ஸ்பேனர். 13 மி.மீ. ஸ்பேனர் அரை அங்குல நட்டில் தளர்வாகவே உட்காருவதால், அழுத்தித் திருப்பினால் நட்டின் முனைகள் மழுங்கிப்போகும். 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பேனர்கள் உங்களிடமே இருக்க வேண்டும். 1967க்கு முந்தைய எம்ஜிபி என்றால் அதில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். நெகட்டிவாக மாற்றப்படாமல் இருந்தால் அதைப் பேட்டரி அருகே தமிழிலேயே எழுதி ஒட்டிவையுங்கள். ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்க வரும் லாரி ஓட்டுநர் அதைப் பார்க்காமல் ஒயரை மாட்டினால் சேதம் பெரிதாகிவிடும்.

எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி ஸ்டெப்னி பக்கம் அசையாமல் வைத்தால், திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகளிலும் உருண்டு சத்தமிடாது. அந்தத் துணியே கை துடைக்கவும் பயன்படும். சித்திரை வெயிலில் டிக்கி கொதிக்கும் என்பதால், பெல்ட்டையும் ஹோஸ்களையும் ஆண்டுக்கு ஒரு முறை வெளியே எடுத்து வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியதை வையுங்கள்.