கொட்டிலில் கிடக்கும் மொரிஸ் மைனரை எழுப்புவது எப்படி? பெயின்ற் கடைசியில்

யூடியூப்பில் பழைய கார் திருத்துவது பற்றித் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்காவின் மஸ்ராங், கமாரோ. எட்டு சிலிண்டர், காரையே தலைக்கு மேல் தூக்கும் லிஃப்ற், சுவர் நிறைய ஸ்பனர். வன்னியில் கிடுகுக் கொட்டிலிலும் மாமரத்தடியிலும் கிடப்பவை வேறு: மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ். இந்தக் குறிப்பு மொரிஸ் மைனருக்கானது. 1948இல் வெளிவந்த கார். பிறகு மினியையும் வடிவமைத்த அலெக் இசிகோனிஸின் கைவண்ணம். 1956இல் 948 சிசி எஞ்சினும் ஒரே துண்டு முன்கண்ணாடியும் வந்தன, 1962இல் 1098 சிசி. பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் கை போக இடமிருக்கும். புதிதாகப் பழகுபவருக்கு இதைவிட நல்ல கார் இல்லை என்பேன்.

வேலை தொடங்க முன் ஒன்று. அநேகம் பேர் பெயின்றில்தான் தொடங்குகிறார்கள். பாதியில் காசு முடியும், யாருக்கும் முடியும். அப்போது பெயின்ற் அடித்து பிறேக் இல்லாத கார் முற்றத்தில் நிற்கும். மாறிச் செய்தால், பார்க்க அசிங்கமான, ஆனால் ஓடுகிற கார் கையிலிருக்கும். கீழே உள்ள ஒழுங்கு முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் போகிறது.

1. இழுத்துவர முன்

கார் பற்றைக்குள் கிடந்தால், அந்தக் காணி மிதிவெடி அகற்றி முடிந்ததா என்று முதலில் கிராம சேவகரிடம் கேளுங்கள். சிவப்புக் கட்டைகளோ மண்டையோட்டுப் பலகையோ தெரிந்தால் காரை மறந்துவிடுங்கள். முடிந்த காணி என்றாலும், காருக்குள் இனந்தெரியாத இரும்பு ஏதாவது கண்டால் கை வைக்க வேண்டாம், பொலிசுக்குச் சொல்லுங்கள். அப்புறம் பாம்பு. சீற்றுக்குக் கீழும் டிக்கிக்குள்ளும் நீளத்தடியால் தட்டிப் பார்த்துவிட்டே கையை விடுங்கள். எலிக்கூடு இருந்தால் அதைத் தேடி வந்ததும் இருக்கும்.

அடுத்தது வாகனப் புத்தகம். எஞ்சின் அறையில் பின்சுவரில் அடித்திருக்கும் தகட்டு இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் இலக்கம் 9எம் என்று தொடங்கினால் 948 சிசி, 10எம்ஏ என்றால் 1098. இடம்பெயர்வுகளில் புத்தகம் தொலைந்த கார்கள் இங்கே நிறைய. தொலைந்திருந்தால், காசு கொடுக்க முன் பதிவு உரிமையாளர் யார், அவரோ அவரது வாரிசோ கையெழுத்து வைப்பார்களா என்று பாருங்கள். அதற்கு வழியில்லாத கார் உதிரிப் பாகத்துக்கு மட்டும்தான் உதவும்.

2. இடமும் ஸ்பனரும்

மாரி முடிந்து, தை பிறந்த பிறகு தொடங்குங்கள். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழை. வெட்டித் திறந்த தகடு ஒரே இரவில் கறள் பிடிக்கும்.

வன்னி மண்ணில் ஜாக் புதையும். கீழே தடித்த பனம்பலகை போடுங்கள். காரை உயர்த்திய பின் இரும்புத் தாங்கிகளில் இறக்கி வையுங்கள், அல்லது வெட்டிய மரக்குற்றிகளை அடுக்குங்கள். சீமெந்துக் கல்லை ஒருபோதும் வைக்க வேண்டாம். அது வளையாது, சொல்லாமல் கொள்ளாமல் வெடித்து நொறுங்கும். கீழே நீங்கள் படுத்திருப்பீர்கள்.

இந்தக் காரின் நட்டுகள் அங்குல அளவு. 7/16, 1/2, 9/16 ஸ்பனர்கள் இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். 1/2 அங்குலம் 12.7 மில்லிமீற்றர். ஜப்பான் கார்களுக்கு வாங்கிய 13ஆம் நம்பர் அதில் ஏறும், ஏறி நட்டின் மூலைகளை உருட்டிவிடும். இறுகிய நட்டுகளுக்கு முதல் நாள் பின்னேரமே டீசல் ஊற்றி விடுங்கள்.

3. கீழே படுத்துப் பாருங்கள்

மைனருக்கு லொறி மாதிரித் தனிச் சட்டம் கிடையாது, உடல்தான் சட்டம். ஆகவே கீழ்த் தகட்டில் கறள் என்றால் அழகுப் பிரச்சினை இல்லை, காரின் முதுகெலும்பே போகிறது. பழைய ஸ்குரூ டிறைவரால் குத்திப் பாருங்கள்: முன்சீற்றுக்குக் கீழே குறுக்கே ஓடும் பெட்டிச் சட்டம், அதன் இரண்டு முனையிலும் ஜாக் வைக்கும் இடம், எஞ்சினைத் தாங்கும் முன்கால்கள், பின் வில்லுத் தகடுகள் பொருந்தும் இடம். 'டங்' என்றால் நல்லது. 'பொத்' என்று உள்ளே போனால் அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு ஒட்ட வேண்டும்.

வெல்டிங் பாஸிடம் கொடுக்கும்போது இரண்டு சொல்லுங்கள்: பழைய தகட்டின் மேல் புதுத் தகட்டை மூட வேண்டாம், பெற்றோல் ராங்கைக் கழற்றித் தூர வைத்த பிறகே நெருப்பு. காலி ராங்க்தானே என்பார்கள். உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிப்பது.

4. எஞ்சின்: உடனே ஸ்ரார்ட் பண்ண வேண்டாம்

பற்றரியைக் கொண்டுவந்து திறப்பைத் திருப்பிப் பார்க்கத்தான் மனம் வரும். இறுகிக் கிடக்கும் எஞ்சினை ஸ்ரார்ட்டரால் இழுத்தால் பிஸ்ரன் றிங் உடையலாம், ஸ்ரார்ட்டர் எரியலாம்.

நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் டீசலும் எஞ்சின் ஒயிலும் பாதிப்பாதி கலந்து இரண்டு மேசைக்கரண்டி விட்டு, ஒரு கிழமை அப்படியே கிடக்கட்டும். பிறகு முன்பக்கத் துளையால் ஹான்டிலைப் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், சுற்றிப் பிடிக்க வேண்டாம். பிறகு எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணச் சுற்றும்போது அது திருப்பி உதைத்தால் பெருவிரல் முறியும். ஹான்டில் இல்லையா? நாலாம் கியரில் போட்டு இரண்டு பேர் காரை ஆட்டுங்கள். அசையவில்லை என்றால் இன்னும் டீசல் விட்டுக் காத்திருங்கள், நெம்ப வேண்டாம்.

சுற்றத் தொடங்கியதும் சம்ப், அதாவது எஞ்சினின் அடித்தொட்டியில் இருக்கும் ஒயிலை இறக்குங்கள். இங்கே வன்னிக்கே உரிய ஒரு கதை இருக்கிறது. 1990க்குப் பின்னான பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். ஆகவே ஒயில் பார்க்கும் கம்பியை முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மணத்தால் பெயாரிங்குகள் மெல்லிய ஒயிலில் வேலை செய்திருக்கின்றன. அப்படியானால் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டையும் கழற்றி, கரியைச் சுரண்டி, வால்வுகளைத் தேய்த்துப் பூட்டுவதுதான் புத்தி. பழைய மெக்கானிக் அண்ணைமார் யாராவது ஊரில் இருந்தால் இந்தக் கட்டத்தில் கூப்பிடுங்கள். ஒரு வெற்றிலைக்குச் சொல்லித்தருவார்கள்.

புதிதாக 20டபிள்யூ50 ஒயில், ஏறக்குறைய மூன்றே முக்கால் லீற்றர். பிளக் இல்லாமலே, ஒயில் லைற் அணையும்வரை எஞ்சினைச் சுற்றுங்கள். அதன்பிறகே பிளக்கைப் பூட்டலாம். இடைவெளி 0.025 அங்குலம். டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் திறந்து மூடும் பொயின்ற்றின் முகத்தைச் சுத்தமாக்கி 0.015 அங்குலம் வையுங்கள். வயர்களின் ஒழுங்கு 1-3-4-2, றோட்டர் சுற்றுவது இடஞ்சுழியாக.

எஸ்யூ காபரேற்றரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மேலுள்ள குடுவைக்கு ஒரு அடையாளக் கோடு போட்டுவிட்டு ஸ்குரூக்களைக் கழற்றித் தூக்குங்கள். உள்ளே ஒரு பிஸ்ரனும் அதன் அடியில் மெல்லிய ஊசியும் இருக்கும். ஊசி வளைந்தால் கதை முடிந்தது, மேசையில் படுக்க வைக்க வேண்டாம். பெற்றோலால் துடையுங்கள், சான்ட் பேப்பர் கிட்டவும் வரக்கூடாது. திரும்பப் பூட்டியபின் பிஸ்ரனை விரலால் தூக்கி விடுங்கள். தடையில்லாமல் இறங்கி 'டொக்' என்று இருக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் எங்கோ உரசுகிறது, மறுபடி கழற்றுங்கள்.

ரேடியேற்றருக்குக் கிணற்றுத்தண்ணீர் வேண்டாம். உங்கள் கேத்தலின் அடியில் படிந்திருக்கும் வெள்ளையைப் பார்த்தால் காரணம் தெரியும். மழைநீர் பிடித்து வையுங்கள்.

5. பிறேக்கும் முன்சில்லும்

பிறேக் மாஸ்ரர் சிலிண்டரைப் பலர் எஞ்சின் அறையில் தேடுவார்கள். அது சாரதியின் காலடியில், விரிப்பைத் தூக்கினால் தெரியும் மூடிக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கழற்றுவது எரிச்சலான வேலை: போல்ற்றை உருவ விடாமல் முன் ரோர்சன் பார் குறுக்கே நிற்கும், அதைத் தளர்த்த வேண்டும். அது இறுக்கத்தில் இருக்கும் உருக்குக் கம்பி, முதல் தடவை தெரிந்த ஒருவரோடு செய்யுங்கள். பல வருடம் நின்ற காரில் றப்பர்கள் எல்லாமே புதிது போட வேண்டும், மூன்று ஹோஸ்களும் சேர்த்து. அந்த றப்பரில் சாதாரண ஒயிலோ கிறீஸோ பட்டால் ஊதிப் போகும். டொட் 4 ஒயில் விட்டு, தூரத்துச் சில்லில், அதாவது பின் இடது பக்கத்தில் தொடங்கிக் காற்றெடுங்கள்.

முன்சில்லைத் தாங்கும் கீழ் ட்றன்னியன், மரையில் திரும்பும் ஒரு முட்டி. தயாரிப்பாளர் சொன்னது ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கிறீஸ். கிறீஸ் காணாமல் மரை தேய்ந்தால், ஓடும்போதே சில்லு மடிந்து கார் மூக்கால் விழும். மைனரின் பேர்போன வியாதி இது. சில்லை உயர்த்தி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேச்சே வேண்டாம், புதிது.

சாமான்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை. மைனருக்கு இலங்கையில் உதிரிப் பஞ்சம் பெரிதாக இல்லை. 1990களில் காலிப் பக்கத்தில் இதற்குத் தகடுகள் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றினார்கள்.

6. வயர்

பழைய துணி சுற்றிய வயர் உதிர்ந்தால் முழுவதையும் மாற்றுங்கள், ஒட்டுப்போட வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பற்றரியின் பிளஸ் முனைதான் காரின் உடலில் பூட்டியிருக்கும். இன்றைய கார்களுக்கு நேரெதிர். பின்னால் யாரும் ஓல்ற்றனேற்றர் போட்டு மாற்றியிருக்கலாம். ஆகவே எது எர்த் என்று பார்த்துவிட்டே பற்றரியைக் கொழுவுங்கள். சிகரெட் லைற்றரில் ஃபோன் சார்ஜ் போட முன்னும் இதை நினையுங்கள்.

7. இப்போது பெயின்ற்

ரிங்கரிங் (தகட்டு நெளிவு எடுப்பது), பட்டி, பிறைமர், பெயின்ற். இதை நீங்களே செய்யாமல் பாஸிடம் விடுங்கள். பட்டியைத் தடிப்பாக அப்பாமல் பார்த்துக்கொள்வது மட்டும் உங்கள் வேலை.

8. முதல் ஓட்டம்

காப்புறுதி, பிரதேச செயலகத்தில் எடுக்கும் வருடாந்த லைசன்ஸ், இரண்டும் கையில் இருந்தால்தான் ஏ9 வீதியில் ஏறலாம். கிளிநொச்சிப் பக்கமென்றால் முறிகண்டி வரை ஓடுங்கள். எப்படியும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்துவீர்கள். இறங்கியதும் நான்கு சில்லின் நடுவிலும் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அந்தப் பக்கம் பிறேக் சூ பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. அதைத் தளர்த்திவிட்டுத் திரும்புங்கள்.

வீட்டில் எஞ்சின் ஆறியதும், ஹெட் கழற்றிய காரென்றால் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, 40 இறாத்தல்-அடிக்கு மறுபடி இறுக்கி, டப்பற்றை, அதாவது வால்வுக்கு மேலுள்ள இடைவெளியை, 0.012 அங்குலத்துக்கு வையுங்கள். முதல் 500 மைலில் ஒயிலை மாற்றுங்கள். இறக்கும் ஒயில் கறுப்பாகத்தான் வரும். பல வருடத்து அழுக்கு அது, பயப்பட வேண்டாம். அதில் இரும்புத்தூள் மினுங்கினால் மட்டும் மெக்கானிக் அண்ணையைத் திரும்பக் கூப்பிடுங்கள்.