எஸ்எல்எம் வெச்சு லேசர் புள்ளிகளை நெருக்கமா போடுறது எப்படி

எஸ்எல்எம்ங்கிறது ஒவ்வொரு பிக்சல்லயும் லேசர் ஒளியோட ஃபேஸை (அலை எந்த நிலையில இருக்குங்கிறதை) மாத்துற திரை, அதுல போடுற படம்தான் ஹாலோகிராம். ஹாலோகிராம்ல லேசர் புள்ளி வரிசை எடுக்குறது, புள்ளிங்க தள்ளித் தள்ளி இருக்குற வரைக்கும் ஈஸிதான், கிட்ட கொண்டு வந்தாதான் படுத்தும். எனக்கு மூணு வாரம் போச்சு. பீமை விரிச்சு, போலரைசேஷன் பார்த்து, லென்ஸ் ஃபோகஸ்ல கேமரா வெச்சுட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டு எழுதுறேன்.

1. முதல்ல கணக்கு. அலைநீளத்தை ஃபோகல் லெங்த்தால பெருக்கி ஹாலோகிராம் அகலத்தால வகுங்க. என்கிட்ட 633 நானோமீட்டர் லேசர், 200 மி.மீ. லென்ஸ், 8 மைக்ரான் பிக்சல் 1080, அதாவது 8.64 மி.மீ. சதுரம். கிட்டத்தட்ட 14.7 மைக்ரான் வரும். ஒரு புள்ளியோட நடுவுலேர்ந்து முதல் இருட்டு வரைக்கும் இதே தூரம்தான்.

2. ஹாலோகிராமைக் கணக்கு போடுற அல்காரிதம் 1972ல வந்த கெர்ச்பெர்க்-சாக்ஸ்டன், எஸ்எல்எம்முக்கும் ஃபோகஸுக்கும் நடுவுல திரும்பத் திரும்பப் போய் வந்து கணக்கு போடும். ஒவ்வொரு சுத்துலயும் மங்கலான புள்ளிக்கு வெயிட் கூட்டிக்கிட்டே வாங்க. எஸ்எல்எம் கூட வர்ற சாஃப்ட்வேர் வேணாம், உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாது, பைத்தானும் அதோட கணக்கு லைப்ரரி நம்பையும் போதும்.

3. நான் மாட்டுன இடம் இதுதான். 5×5 புள்ளி, இடைவெளி ஒரே ஒரு எஃப்எஃப்டி (லென்ஸ் செய்றதைக் கம்ப்யூட்டர்ல செய்ற ஃபூரியே கணக்கு) கட்டம். ஸ்க்ரீன்ல சிமுலேஷன்ல 25 புள்ளியும் சூப்பரா இருக்கு, கேமராவுல பார்த்தா சில ஜோடி ஒட்டிக்கிட்டு ஒரே திட்டா கெடக்கு, சில ஜோடிக்கு நடுவுல கருப்பு கோடு, நானும் லென்ஸைத் தொடச்சு, கேமராவை நகர்த்தி எல்லாம் பார்த்தேன். லென்ஸ்ல ஒண்ணும் இல்ல. எஃப்எஃப்டி கட்டம் 14.7 மைக்ரானுக்கு ஒண்ணுன்னு விழுது, பக்கத்துப் புள்ளியோட இருட்டும் சரியா அங்கேயேதான் விழுது, அதனால நடுவுல நடக்குறது சிமுலேஷனுக்குத் தெரியவே தெரியாது.

ஹாலோகிராமைச் சுத்தி நாலு பக்கமும் சமமா பூஜ்யம் வெச்சு 2160×2160 ஆக்குங்க. கட்டம் பாதியாகி, ரெண்டு புள்ளிக்கு நடுவுல உள்ள இடமும் தெரிய ஆரம்பிக்கும்.

4. இப்போ ஃபேஸ். சாதா முறையில புள்ளிகளோட ஃபேஸ் அதுபாட்டுக்கு எதையோ எடுத்துக்கும். ரெண்டு புள்ளி இந்த இடைவெளியில ஒரே ஃபேஸ்ல இருந்தா நடுவுல உள்ள வெளிச்சம் புள்ளியை விட 1.6 மடங்கு. 90 டிகிரின்னா 0.8. 180ன்னா சுத்தமா இருட்டு. அதனால செஸ் போர்டு மாதிரி 0, 180ன்னு மாத்தி மாத்தி ஃபேஸைக் கட்டிப் போட்டுட்டு வெயிட்டை மட்டும் ஓட விடுங்க. கொஞ்சம் வெளிச்சம் வெளியில சிதறும், ஓரத்துப் புள்ளிங்க லேசா வெளிப்பக்கம் தள்ளும், அதை டார்கெட்லயே உள்ள இழுத்து வெச்சுக்கலாம்.

ஃபேஸை நம்ப முடியலன்னா ரெண்டு ஹாலோகிராமை மாத்தி மாத்தி ஓட்டி, பக்கத்துப் பக்கத்துப் புள்ளி ஒரே நேரத்துல எரியாம பண்ணலாம். லேசர் புள்ளியில சின்னத் துகளைப் பிடிச்சு வெக்கிறீங்கன்னா, மெதுவா நகர்ற துகளுக்கு அது நல்லாவே வேலை செய்யும்.

அப்டேட்: படத்தோட நட்டநடுவுல ஒரு புள்ளி மட்டும் என்ன பண்ணாலும் போகலன்னு கமெண்ட்ல ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. அது எஸ்எல்எம் திருப்பாம விட்ட வெளிச்சம், எந்த ஹாலோகிராம் போட்டாலும் அங்கேயேதான் நிக்கும். மொத்த வரிசையையும் ஒரு ஓரமா நகர்த்திட்டு, நடுவை ஒரு சின்னத் தடுப்பு வெச்சு மறைச்சுடுங்க. அப்புறம் கேமரா 255ல (அது காட்டுற உச்ச அளவுல) முட்டி நிக்குதான்னும் பாருங்க, முட்டுனா எல்லாப் புள்ளியும் சமமா இருக்குற மாதிரிதான் தெரியும்.