டயர் காற்றை வைத்து வாயு விதிகளைக் கணக்கிடுவது எப்படி?

1662-இல் பாயில் வெளியிட்டது, 1802-இல் கே-லூசாக் வெளியிட்டது, 1811-இல் அவகாட்ரோ சொன்னது என்று விதிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எல்லாம் ஒரே சமன்பாட்டில் அடங்கும்:

அழுத்தம் × கனஅளவு = மோல் எண்ணிக்கை × ஆர் × வெப்பநிலை

மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு; ஆர் என்பது எல்லா வாயுவுக்கும் பொதுவான மாறா எண். எது மாறாமல் இருக்கிறதோ அதை அடித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் உங்களுக்கு வேண்டிய விதி. மலேசியாவின் பினாங்கில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் கார் டயரிலிருந்துதான் தொடங்குவேன்.

படி 1: காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் டயர் அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். மானி 220 கிலோபாஸ்கல் காட்டுகிறது, வெப்பநிலை 24 டிகிரி செல்சியஸ். வெயிலில் பினாங்குத் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் சேரும்போது உள்ளே இருக்கும் காற்று 50 டிகிரிக்குச் சூடேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மானி என்ன காட்டும்?

படி 2: வெப்பநிலையுடன் 273 கூட்டிக் கெல்வினுக்கு மாற்றுங்கள். 297, 323.

படி 3: பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் இதுதான். மானி காட்டும் 220 டயருக்குள் இருக்கும் முழு அழுத்தம் அன்று. வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே அது சொல்கிறது. தட்டையாகிப்போன டயரில் மானி சுழியைக் காட்டும்; ஆனால் அதற்குள்ளும் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் காற்று இருக்கத்தான் செய்கிறது. விதிக்குத் தேவை உண்மையான சுழியிலிருந்து எண்ணிய அளவு. வெப்பநிலைக்கு 273 கூட்டியதும் இதே காரணத்துக்காகத்தான். ஆகவே 220 + 101 = 321.

படி 4: டயரின் கனஅளவு அதிகம் மாறாது, காற்றும் வெளியேறவில்லை. இரண்டையும் அடித்துவிடலாம். மிஞ்சுவது அழுத்தமும் வெப்பநிலையும்; இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறும். 321 × 323 ÷ 297 = 349. அதிலிருந்து 101 கழித்தால் 248. மானி காட்டப்போவது இதைத்தான். 101 கூட்டாமல் போட்டிருந்தால் 239 வந்திருக்கும். பார்வைக்குச் சரியாகவே தெரிவதால் இந்தப் பிழை கண்ணில் படாது. செல்சியஸையே போட்டால் 458 வரும். அது தவறென்று யாருக்கும் தெரிந்துவிடும்.

248-ஐப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். கார்க் கதவோரம் ஒட்டியிருக்கும் பரிந்துரை அளவு குளிர்ந்த டயருக்கானது.

படி 5: உள்ளே எத்தனை மோல் காற்று? கனஅளவு 30 லிட்டர் என்று கொள்வோம். கிலோபாஸ்கலை லிட்டரால் பெருக்கினால் நேராக ஜூல் கிடைக்கும்; ஆகவே ஆர் = 8.314 என்ற ஒரே எண் போதும். அழுத்தத்தை அட்மாஸ்பியர் அலகில் அளந்தால் ஆருக்கு வரும் 0.0821 என்ற மற்றோர் எண்ணையும் சேர்த்துப் படிப்பது வீண் குழப்பம் என்பது என் கருத்து. 321 × 30 ÷ (8.314 × 297) = 3.9 மோல். ஒரு மோல் காற்று ஏறத்தாழ 29 கிராம் என்பதால், டயரில் இருப்பது சுமார் 113 கிராம் காற்று. ஒரு டன்னுக்கு மேற்பட்ட காரை, டயருக்கு அந்த அளவு என்று நான்கு டயர்களில் இருக்கும் காற்று தாங்கி நிற்கிறது!

மானி வாங்குவதாக இருந்தால் கிலோபாஸ்கலில் காட்டும் மின்னணு மானியை வாங்குங்கள்.

பின்சேர்க்கை: சமையல் எரிவாயுத் தோம்பில் எவ்வளவு மிச்சம் என்று இதே முறையில் கண்டுபிடிக்க முடியுமா என்று சிலர் கேட்டார்கள். முடியாது. மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்பே இல்லை என்று எடுத்துக்கொண்டால்தான் இந்தச் சமன்பாடு பொருந்தும். தோம்புக்குள் இருக்கும் புரோப்பேனும் பியூட்டேனும் அந்த ஈர்ப்பினால்தான் திரவமாகியிருக்கின்றன. கடைசிச் சொட்டுத் திரவம் தீரும்வரை அழுத்தம் வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். மிச்ச அளவைச் சொல்லாது. தராசில் நிறுத்து, வெற்றுத் தோம்பின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.